பத்மநாபபுரத்துக்கு ஒரு முழு நாள்

திங்கள்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அரண்மனை விடுமுறை. சபரிமலை சீசனில் சனி, ஞாயிறும் வேண்டாம். கன்னியாகுமரி வேன்கள் போகிற போக்கில் அரண்மனை வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு நிற்கும். இவற்றைக் கழித்துவிட்டால் எந்த நாளும் நல்ல நாள்தான். என்னைக் கேட்டால் ஆனி, ஆடியில் ஒரு சாரல் நாளைச் சொல்வேன்.

இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் போடுகிற திட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். விடியுமுன் கன்னியாகுமரி, அப்புறம் சுசீந்திரம், பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பில் ஒரு குளியல், வெயில் தாழ்ந்ததும் முட்டம். “எல்லாம் ஒரே நாளில முடிச்சிரலாம்” என்று வேன்கார அண்ணாச்சி சொல்வார். முடித்தும் விடுவார். அதில் அரண்மனையின் பங்கு முக்கால் மணி நேரம்.

என் தங்கை மகள் கியோத்தோ போவதற்குத் திட்டம் போடுகிறாள். எந்தத் தோட்டத்தில் எந்த வாரம் இலை சிவக்கும், எந்தக் கோயிலில் காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறாள். நிஜோ கோட்டைக்கு மட்டும் அரை நாள் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாள்.

“அரை நாள் காணாது மக்கா. சரி, நம்ம பத்மநாபபுரத்தை நீ எவ்வளவு நேரம் பாத்த?”

“அதான் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாவல்லா, மாமா.”

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள பதில் இது. அவள் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அது இங்கே செல்லாமல் போனதுதான் பிடிக்கவில்லை. நிஜோ கோட்டையைக் கட்டும்படி தொக்குகாவா இயேயாசு ஆணையிட்டது 1601-இல். வேணாட்டரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கல்குளத்தில் இந்த அரண்மனையைத் தொடங்கியதாகச் சொல்லும் ஆண்டும் அதுதான். இரண்டும் மரத்தின் மேல் நம்பிக்கை வைத்த கட்டடங்கள். இரண்டிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இரண்டு ஊரும் பிறகு தலைநகர்ப் பட்டத்தை இழந்தன: இங்கே 1795 வாக்கில் திருவனந்தபுரத்திடம், அங்கே 1860-களின் கடைசியில் டோக்கியோவிடம். நிஜோவில் காலடி பட்டால் குருவிபோல் கீச்சிடும் பலகைத் தாழ்வாரத்தைப் பார்க்க உலகமே போகிறது. பத்மநாபபுரத்துத் தரை சத்தம் போடாது. அதனால்தானோ என்னவோ, பலர் அதை மிதித்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள்.

ஆகவே என் திட்டம் ஒரு நாள், ஒரு வீடு. நாகர்கோவில் போய் பஸ் மாறித் தக்கலையில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். காலையில் திறக்கும்போதே நின்றால் பூமுகம் காலியாக இருக்கும். முதல் அரை மணி நேரம் அங்கேயே போக வேண்டும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. தலைக்கு மேலே மரக்கூரையின் உட்புறத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பது கைடுகளின் வழக்கமான வாசகம். அதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு பூவில் இதழ் விரிந்து மல்லாந்து கிடக்கும். அடுத்ததில் அதே இதழ் நுனி மடங்கிச் சுருளும். இன்னொன்றில் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கு ஏறும். ஒரே உளி, ஒரே மரம், ஒரே அளவுக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை யோசித்த ஆசாரியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கூட வருகிற சிறுவர்களிடம், ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம் என்று சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

அதே இடத்தில் சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு உண்டு. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கும் என்பார்கள். கல்லில் செய்த கட்டில் ஒன்று, சீன வணிகர் தந்த நாற்காலி ஒன்று. பெரும்பாலான கேமராக்கள் இந்த மூன்றோடு திருப்தியடைந்து மாடி ஏறிவிடும்.

ஏறுகிற படி குறுகலானது, தலையைக் குனிய வேண்டும். மேலே மந்திரசாலை. வெளி வெயிலிலிருந்து வருகிற கண்ணுக்கு முதலில் இருட்டுத்தான் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். சாய்வாக இறக்கிய மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்று தாராளமாகவும் வெளிச்சம் எண்ணி எடுத்ததுபோலவும் உள்ளே வரும். சன்னலில் பதித்த நிற மைக்காத் தகடுகள் அந்த வெளிச்சத்தையும் வடிகட்டும். உள்ளிருப்பவருக்கு வெளியே நடப்பது தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. ஒரு நாட்டின் ஆலோசனைக் கூடத்துக்கு இதைவிட நயமான ஏற்பாடு வேண்டுமா? மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூரை ஆண்ட இடம் இத்தனை சின்ன அறையா என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிறுமைதான் பிடிக்கும். குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்கிற அளவில் கட்டியிருக்கிறார்கள்.

இனி தரை. கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, ஆற்றுமணல், முட்டை வெள்ளை, வெல்லம் இவற்றைச் சேர்த்துக் குழைத்துப் பூசித் தேய்த்தது. கருப்பட்டிப் பாகு உறைந்ததுபோல் ஒரு கருமை. குனிந்து ஓரமாகப் பார்த்தால் சன்னல் சட்டங்கள் தலைகீழாக அதில் கோடு கோடாகத் தெரியும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பக்கத்தில் இருந்துகொண்டு, சிரட்டையை அடுப்புக்கும் அகப்பைக்கும் மேலே நாம் நினைத்துப் பார்த்ததில்லை. இங்கே அதன் கரி ராஜாவின் காலடியில் இத்தனை நூற்றாண்டாகப் பளபளக்கிறது. வெறுங்காலோடு நடக்கச் சொல்வது காவலுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல், மரம், இந்தக் கருந்தரை என்று ஒவ்வோர் அறையிலும் குளிர்ச்சி மாறுவதை உள்ளங்கால்தான் சொல்லும்.

சாரல் நாளைச் சொன்னது தாய்க் கொட்டாரத்துக்காக. வளாகத்திலேயே பழைய பகுதி இது. நாலுகெட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். மழை பிடித்தால் நாலு பக்கத்துக் கூரைச் சரிவிலிருந்தும் தண்ணீர் உள்ளே இறங்கும். திண்ணையில் நிற்பவர் மேல் தூவானம்தான் படும். அதன் ஒரு மூலையில் ஏகாந்த மண்டபம். அங்கே உள்ள பலாமரத் தூண் ஒன்றுக்காகவே நான் யாரையும் இரண்டாம் முறை கூட்டிப்போவேன். கொடியும் பூவும் அடுக்கடுக்காய் ஏறுகிற செதுக்கல். ஒவ்வோர் அடுக்கிலும் உளி எவ்வளவு ஆழம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த கை. சங்கிலிப் பின்னல்போல் தெரிகிற இடத்தில் சும்மா நின்று பார்க்க வேண்டும். தொடக்கூடாது. தொடத் தோன்றும்.

ஊட்டுப்புரையை வேகமாகக் கடந்துவிடலாம். கீழும் மேலும் ஆயிரக்கணக்கில் இலை போட்ட நீளக் கூடம், ஓரத்தில் பெரிய ஊறுகாய்ப் பரணிகள். அளவைத் தவிர அங்கே பார்க்க அதிகம் இல்லை.

உப்பரிகை மாளிகை வேறு கதை. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துத் தான் அவர் தாசன் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைக் கட்டடமாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த நாலடுக்குதான் விடை. அடியில் கருவூலம், அதன்மேல் ராஜாவின் படுக்கையறை, எல்லாவற்றுக்கும் மேலே சாமிக்கு அறை. படுக்கையறையில் 60-க்கும் மேற்பட்ட மூலிகை மரத்துண்டுகளால் ஆன கட்டில். அது டச்சுக்காரர் தந்தது என்பார்கள். 1741-இல் குளச்சலில் தோற்றவர்களின் பரிசு என்றால், அதில் தூக்கம் நன்றாகத்தான் வந்திருக்கும். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் இங்கிருந்துதான் அரசரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். கம்பர் வழிபட்டதாகச் சொல்லும் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. வாசலுக்கு வெளியே தமிழ்நாடு, உள்ளே கேரளம். ஊழியர்கள் பேசும் மலையாளம் கலந்த தமிழைக் கேட்டால் எங்களுக்கு ஒன்றும் விசேஷமாகத் தோன்றாது, சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நவராத்திரி மண்டபத்துக்கு வரும்போது மரம் முடிந்து கல் தொடங்கும். விளக்கேந்திய பெண்கள் தூண்களில் நிற்கிறார்கள். அரண்மனைப் பெண்கள் மறைவிலிருந்து ஆட்டமும் பாட்டும் பார்ப்பதற்கென்று பக்கத்தில் மர அழி வைத்த அறை. அந்த அழியின் இடுக்கு வழியே ஒரு தரம் மண்டபத்தைப் பாருங்கள். மேடை முழுதும் தெரியும், துண்டு துண்டாகத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்த கலை அப்படித்தான் கிடைத்தது.

மதியம் கொஞ்ச நேரம் பூட்டுவார்கள். தக்கலையில் மீன்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு மீதியைப் பார்த்து முடித்தால் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூரின் தளபதியே ஆன டிலனாய் 1777-இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். கூரை போன சின்னத் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை. மேலே எழுத்து லத்தீனிலும் தமிழிலும் இருக்கிறது. தமிழைக் கூட்டிக்கூட்டிப் படிக்கவே கால் மணி நேரம் ஆகும்.

திற்பரப்பும் மாத்தூரும் இந்தத் திட்டத்தில் இல்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். வேன்கார அண்ணாச்சிக்கும் அதில் வருத்தம் இருக்காது, இரண்டு நாள் வாடகை அல்லவா!