மன்னிப்புக்குப் பின் என்ன? — ‘சாபவிமோசனம்’ கதையை முன்வைத்து

கம்பரில் அகலிகையின் கதை, கோதமர் அவளை மீண்டும் ஏற்றுக்கொள்வதோடு நிறைவு பெறுகிறது. 1943-இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ கதையில் புதுமைப்பித்தன் அங்கிருந்துதான் தொடங்குகிறார். மன்னித்தாயிற்று, சரி, மறுநாள் காலையில் அந்த வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

இக்கதையை இராமன் மீதான கண்டனமாகவே பலரும் வாசிப்பதுண்டு. எனக்கு முக்கியமாகப்படுவது அந்தக் குடிசை வாழ்க்கை. கோதமன் நல்லவன், அவளிடம் குற்றம் காணவில்லை. ஆனாலும் ஒரு சொல் பேசுமுன் அவள் மனம் புண்படுமோ என்று தயங்குகிறான். அவளோ யார் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறொரு பொருள் இருக்குமோ என்று துருவுகிறாள். ஆற்றங்கரையில் ரிஷிபத்தினிகள் அவளைக் கண்டதும் விலகி ஓடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே, இராமனுடைய தீர்ப்பு ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். அந்த இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதை வாயாலேயே கேட்டதும் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவியாகிறான்.

‘நடந்ததை மறந்துட்டு மேலே போ’ என்று தவறியவரிடம் சொல்வது சுலபம். சுற்றியிருப்பவர்கள் மறக்காதவரை அவர் எப்படிப் போவார்? கதை எழுப்பும் கேள்வி இதுவே எனலாம். இதற்குப் புதுமைப்பித்தன் விடை தரவில்லை. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை; விடையை நம் வீடுகளில்தான் தேட வேண்டும்.

என் தம்பி, இருபது வருஷத்துக்கு முன்பு, தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை ஒரு சீட்டில் போட்டு இழந்தான். பிறகு ஒரு பைசா பாக்கியில்லாமல் உழைத்துக் கொடுத்துவிட்டான். ‘அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சுடா’ என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் தில்லிக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ரயிலடியில், ‘பணத்தைப் பத்திரமா வச்சுக்கோ’ என்பேன். ‘சரிண்ணா’ என்று தலையைக் குனிந்துகொள்வான். அக்கறையில் சொல்வதாகவே நினைத்திருந்தேன். சென்ற கோடையில் இக்கதையை மறுபடி வாசித்தபோதுதான், அவன் ஏன் குனிந்தான் என்று புரிந்தது.

இந்தப் பொங்கலுக்கும் வந்திருந்தான். வண்டி கிளம்பும் நேரத்தில் வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ‘போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு’ என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.