பேயை ஓரக்கண்ணால் பார்த்தேன்

பார்த்துட்டேன் சார், பார்த்தே விட்டேன்! மூன்று மார்கழியாக எனக்குத் தண்ணி காட்டிய எம்74, இந்த அமாவாசை ராத்திரி என் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் சிக்கிவிட்டது. இடம் ஜவ்வாது மலை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உட்கார்ந்திருக்கிறதே, அதே மலைதான்.

எம்74 என்ற இந்தச் சுருள் கேலக்ஸிக்குப் பட்டப்பெயரே 'பேய்'. 1780இல் பியர் மெஷான் கண்டுபிடித்து மெஸ்ஸியேவிடம் சொல்ல, அவர் தன் வான்பொருள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஜான் ஹெர்ஷல் மாதிரி கில்லாடியே நட்சத்திரக் கொத்து என்று நினைத்து ஏமாந்தார். அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடியை வைத்துப் பார்த்த பிறகுதான் சுருள் என்றே தெரிந்தது. அவர்களே திணறினார்களாம், நான் எந்த மூலைக்கு?

இருங்க, விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ஏழரை மணி, மங்கி குல்லாவுக்குள் காது விறைக்கிறது, ரேவதிக்கும் அசுவினிக்கும் நடுவே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே தேட வேண்டும். டாப்சோனியனுக்கு உச்சி என்றாலே முரண்டுதான், தள்ளினால் சுற்றாது (அதையெல்லாம் குறையாகச் சொல்வேனா!). ஈட்டா மீனம் என்ற நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து கிழக்கே இரண்டரை நிலா அகலம் நகர்த்தினேன். வெறும் கறுப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு, நேராகப் பார்க்காமல் கண்ணைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பி, குழாயை விரலால் லேசாகத் தட்டினேன் பாருங்க, அங்கே, அங்கேயே, கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டுப் போன ஆவி மாதிரி ஒரு வட்டப் புகை, நடுவில் குங்குமப் பொட்டு அளவுக்குக் கொஞ்சம் தடிப்பு, நேராகப் பார்த்தால் காணோம், விலகிப் பார்த்தால் வருகிறது, மறுபடி காணோம், மறுபடி வருகிறது, நான் "ஐயோ ஐயோ" என்று கத்துகிறேன், ஸ்டூல் சாய்கிறது, ஃபிளாஸ்க் உருண்டு சுக்குக் காப்பி முழுக்க என் காலில், யாருக்கு வேண்டும் காப்பி! நினைச்சுப் பாருங்க, 3 கோடியே 20 லட்சம் வருஷம் முன்னால் கிளம்பிய வெளிச்சம், மனுஷப் பூண்டே இல்லாத காலத்தில் கிளம்பியது, எங்கேயும் நிற்காமல் வந்து என் கண்ணுக்குள் விழுந்து முடிகிறது, என் கண்ணுக்குள்!

சுருள் கைகள் தெரிந்ததா என்று கேட்காதீர்கள். 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் ரங்கோலி மாதிரி சுழல்கிறதே, அதில் ஒரு துளி எனக்கு வரவில்லை. அதனால் என்ன? ஒரு கணம் புகையின் ஓரம் வளைந்த மாதிரி இருந்தது. சத்தியமாக இருந்தது.

குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த மச்சினனை இழுத்து வந்து உட்காரவைத்தேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான்.

"மாமா, இந்த அழுக்கா?"

"ஆமா மாப்ள, அதேதான்!"

பையன் கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.