காணியாட்சி வம்சாவளியும் அடிமை வழியும்: செங்கல்பட்டு மிராசு ஆவணங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம் அமைந்துள்ள பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு நிலவுரிமை மிராசுக் குடும்பங்களின் வம்சாவளி வழியாக நிறுவப்பட்டது. அந்நிலத்தில் உழைத்த அடிமைகளின் மரபுவழி ஏன் எழுதப்படவில்லை என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. வம்சாவளியைக் குடும்ப நினைவாக மட்டும் கொள்ளாமல் உடைமைப் பத்திரமாகவும் வாசிக்க வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காணியாட்சி, மிராசு, வம்சாவளி, அடிமை, படியாள், செங்கல்பட்டு, பஞ்சமி நிலம்.

முன்னுரை

‘மிராசு’ என்னும் சொல் மரபுரிமை எனப் பொருள்படும் அரபு மூலத்திலிருந்து வந்தது. அதற்கு இணையாகத் தமிழில் வழங்கிய சொல் காணியாட்சி. தொண்டைமண்டலத்தில் ஊர் நிலம் பங்குகளாகக் கணக்கிடப்பட்டு, வேளாளர், பிராமணர் முதலிய சாதியினரின் குடும்பங்களிடம் வழிவழியாக இருந்தது. பங்கு கோருபவர் தம் முன்னோரைச் சொல்லியாக வேண்டும். ஆகவே இங்கு வம்சாவளி பெருமைக்குரிய நூலாக மட்டுமன்றி, வழக்கில் முன்வைக்கப்படும் சான்றாகவும் விளங்கியது.

எல்லிஸின் நூலும் ஆதொண்டை மரபும்

மிராசுரிமை பற்றி அரசு விடுத்த பதினேழு வினாக்களுக்குச் சென்னை ஆட்சியர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் அளித்த விடைகள் 1818இல் நூலாயின. குறும்பரை வென்ற ஆதொண்டைச் சக்கரவர்த்தி வேளாளரைக் குடியேற்றிக் காணி அளித்தார் என்னும் மரபுச் செய்தி அதில் மிராசுரிமையின் தொடக்கமாக இடம்பெறுகிறது. முதலில் குடியேறியோரின் வழித்தோன்றல்களே காணிக்கு உரியவர் என்னும் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகம் புகழ்ந்துரைக்கும் நாட்டுப் பெருமை, இவ்வாறு வருவாய்த்துறைச் சான்றாகவும் பயன்படத்தக்கதாயிற்று.

இத்தகைய அறிவு ஆங்கிலேயர் மட்டும் படைத்ததன்று, உள்ளூராரும் உடனிருந்து உருவாக்கியது என்பது யூஜின் இர்ஷிக்கின் முடிவு (1994). அது ஏற்கத்தக்கதே. எனினும், அவ்வுரையாடலில் அமர்ந்திருந்தோர் யாவர் என்பதையும் கேட்க வேண்டும். அலுவலரும் மிராசுதாரரும் பேசினர். நிலத்தில் உழைத்த பறையர் பேசப்பட்டனர். ஆதொண்டை மரபு குடியேற்றத்தைச் சொல்லும் அளவுக்கு, குடியேறியோரின் வயலை உழுதவர் யாவர் என்பதைச் சொல்வதில்லை.

அடிமையின் வம்சம் எழுதப்பட்ட இடம்

அடிமைக்கு வம்சமே எழுதப்படவில்லை என்பதும் முழு உண்மையன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ எனப்படும் பத்திரங்கள் உள்ளன. தம்மையும் தம் குடும்பத்தாரையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் பற்றிய கல்வெட்டுகளில், பின்வரும் வழியினரும் அடிமையாவர் என்று உறுதியளிக்கப்படுகிறது. அடிமைத்தனத்தை ஆராய்ந்த ஆ. சிவசுப்பிரமணியன் முதலியோர் இவற்றை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர்.

இங்கு ஒரு முரண் புலனாகிறது. காணிப் பத்திரத்தில் வரும் ‘புத்திர பௌத்திர பாரம்பரியம்’ உரிமையைக் கீழிறக்குகிறது. ஆள்விலைப் பத்திரத்தில் வரும் வழிமுறை கடப்பாட்டைக் கீழிறக்குகிறது. இரண்டும் வம்சம் பற்றியனவே. ஒருவர் பிள்ளைக்கு நிலம் சேர்வதும், மற்றொருவர் பிள்ளையே பொருளாகச் சேர்வதும் ஒரே வகைச் சொல்லாட்சியால் நிறைவேறின. ‘படியாள்’ என்னும் பிற்காலச் சொல்லோ படியளந்து பெறும் கூலியை மட்டுமே சுட்டுகிறது. ஆளின் குடியையோ ஊரையோ சுட்டுவதில்லை.

அமெரிக்க ஒப்பீடு

உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தென்மாநிலங்களின் தோட்ட முதலாளிக் குடும்பங்கள் இவ்வொப்பீட்டிற்கு உதவும். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்புப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் உண்டு. அவருக்குக் கீழே அடிமைகள் பெரும்பாலும் வயது, பால், நிறம் ஆகியவற்றால் மட்டுமே குறிக்கப்பட்டனர். விடுதலை பெற்றோர் அனைவரும் பெயருடன் பதிவானது 1870இல்தான். எனவே கறுப்பின மக்களின் மரபுவழித் தேடல் அவ்வாண்டிற்கு அப்பால் பெரும்பாலும் தடைப்படுகிறது. தென் கரோலினாவின் பால் குடும்பத்தில் பிறந்த எட்வர்ட் பால், தம் முன்னோரின் தோட்டக் கணக்குகளைக் கொண்டே அடிமைகளின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டு 1998இல் நூல் எழுதினார். உடைமையாளரின் ஏட்டை எதிர்த்திசையில் வாசிக்கலாம் என்பதற்கு அது சான்று. செங்கல்பட்டு ஆவணங்களுக்கும் அவ்வாசிப்பு தேவை.

சட்டமும் மனையும்

1833ஆம் ஆண்டின் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கியே இயற்றப்பட்டது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்பதை நிறுத்தியது; நிலம் எதனையும் வழங்கவில்லை. அடிமை வாணிபமும் உடைமையும் குற்றமானது, 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால்.

ஆயினும் உறவு முறியவில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் பறையர் நிலை பற்றி அளித்த அறிக்கை, தரிசு நிலத்தைப் பெறுவதில் மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமையையும், குடியிருப்பு மனை மீதும் அவர்கள் செலுத்திய பிடியையும் வெளிப்படுத்தியது. 1892இல் பிறந்த அரசாணையிலிருந்தே பஞ்சமி நிலம் என்னும் ஒதுக்கீடு தோன்றியது. அந்நிலங்களை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

வழித்தடத்தில் தொடரும் வினா

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும் செயல்படத் தொடங்கின. தொழிலுக்காக நிலம் கையகப்படுத்தப்படும்போது உரியவரைக் காட்டுவன பட்டா, பத்திரம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவை. இவை மிராசுரிமை அல்ல. ஆனால் முன்னோரின் பெயரை ஏட்டில் கொண்டவர்க்கே எளிதில் வாய்ப்பவை. தலைமுறை தலைமுறையாக அதே வயலில் உழைத்தவர்க்குக் காட்டுவதற்கு ஏடு இராது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அந்நிலத்தையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட வேளாண் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என வரையறுத்தது. உழைப்பையே சான்றாக ஏற்கும் இவ்வரையறை வம்சாவளி கேட்பதில்லை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

அடிமைப்பட்டோருக்கு மரபில்லை என்பதன்று ஆவணங்கள் காட்டும் உண்மை. உரிமை அளிக்க எழுதப்பட்ட வம்சாவளியில் அவர்கள் விடுபட்டனர்; கட்டிவைக்க எழுதப்பட்டதில் மட்டும் சேர்க்கப்பட்டனர். ஆகவே மிராசுக் குடும்ப வரலாறுகளைப் பதிப்பிப்போரும் ஆராய்வோரும், பெயர்க்கொடியோடு நின்றுவிடாமல், அதனோடு இணைந்த பாகப் பத்திரம், விலையாவணம், படிக்கணக்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பதிப்பித்தல் வேண்டும். ஒரு குடும்பத்தின் வரலாறு முழுமை பெறுவது, அது யாருடைய உழைப்பை உடைமையாகக் கொண்டது என்பதும் அதில் எழுதப்படும்போதே.