விதியும் சட்டமும்

துப்பறியும் கதை என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. கொலை செய்தவன் யாரென்று தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, மத்சுமோதோ செய்ச்சோவின் நாவலைத் தழுவி 1974ல் நொமுரா யோஷிதாரோ எடுத்த 'மணல் கோட்டை' என்ற ஜப்பானியப் படம்.

தோக்கியோவில் ரயில்கள் நிற்கும் யார்டு ஒன்றில் வயதான ஒருவரின் பிணம் கிடக்கிறது. முந்தின இரவு அவர் ஓர் இளைஞனோடு பேசியதைக் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருப்பது 'கமேதா' என்ற சொல்லும், வடகிழக்குச் சீமைக்காரரைப் போன்ற உச்சரிப்பும்தான். இமானிஷி என்ற துப்பறிவாளர் வடகிழக்கே போய்த் தேடி வெறுங்கையோடு திரும்புகிறார். மேற்கே இஸுமோ சீமையிலும் அதே சாயலில் பேசுகிறார்கள், அங்கே கமேதாகே என்று ஓர் ஊர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிகிறது. ஜப்பான் முழுக்க ஒரே ஜனம், ஒரே பேச்சு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இறந்தவர் அந்த ஊரில் போலீஸ்காரராக இருந்தவர். முன்னொரு காலத்தில், தொழுநோயாளியான ஒரு தகப்பனும் அவன் சிறுபிள்ளையும் ஊர் ஊராய் விரட்டப்பட்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். தகப்பனை அவர் நோயாளிகளின் விடுதிக்கு அனுப்பினார். பிள்ளையைத் தம்மோடு வைத்துக்கொண்டார். பிள்ளை ஓடிப்போய், வேறு பெயரில் புகழ்பெற்ற இசைக் கலைஞனாகிவிட்டான். மாஜி மந்திரியின் மகளோடு கல்யாணம் ஆகப்போகிறது. 'உன் அப்பாவை வந்து பார்' என்று அவனை வற்புறுத்தியதற்காகத்தான் கிழவர் செத்தார்.

தகப்பனும் பிள்ளையும் பனியிலும் கடலோரத்திலும் நடக்கும் காட்சிகளில் பேச்சே அநேகமாக இல்லை. மகன் இயற்றிய சங்கீதம் மட்டும் ஒலிக்கிறது. நோயாளியை ஊமையாக்கிவிட்டார்களோ என்று நமக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் நாவலில் இறந்துபோன தகப்பன் படத்தில் உயிரோடு இருக்கிறான். துப்பறிவாளர் மகனுடைய படத்தைக் காட்டியதும், இவனைத் தெரியவே தெரியாது என்று கதறுகிறான். அந்த ஒரு பொய்யில் அவன் முழு மனிதனாகிவிடுகிறான். பரிதாபத்துக்கு உரியவனாக இருந்தவன், தானே ஒன்றைத் தீர்மானிக்கிறவனாக நம் முன் நிற்கிறான்.

இவ்வளவு செய்த படத்தின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மகனுடைய இசைக்கு 'விதி' என்று பெயர். நோய் குணமாகக்கூடியது, மிஞ்சியிருப்பது தப்பெண்ணம்தான் என்று முடிவில் எழுதிக் காட்டுகிறார்கள். தப்பெண்ணம் ஊராரின் மனத்தில் மட்டுமா இருந்தது? அலைந்து திரியும் நோயாளிகளை அடைத்துவைக்க 1907ல் சட்டம் வந்தது. 1931ல் அது எல்லா நோயாளிகளுக்கும் என்று விரிந்தது. மருந்து வந்த பிறகும் 1953ல் புதுச் சட்டம் போட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்து ஜனங்கள் அழுது 22 வருஷம் கழித்து, 1996ல்தான் அது ரத்தாயிற்று. அப்படிப் பிரித்துவைத்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று குமமோதோ நீதிமன்றம் 2001ல் தீர்ப்புச் சொன்னது.

தகப்பனை அனுப்பிவைத்த அந்த நல்ல போலீஸ்காரரின் கருணையும் சட்டத்தின் கைதான். அதைப் படம் கேட்கவில்லை. விதியென்றால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சட்டமென்றால், அதைப் போட்டவர் யார் என்று விசாரிக்க வேண்டும். கொலைகாரனை இத்தனை பொறுமையாகத் தேடிய இமானிஷி அந்த விசாரணையையும் தொடங்கியிருக்கலாம்.