நீதிபதி வாய் திறக்கும் நேரம்

பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1872-இல் இந்தியாவுக்கு வகுத்துக் கொடுத்த சாட்சியச் சட்டத்தை, 1895-இல் இலங்கை தன் 14-ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்துக்கு மூலமாகக் கொண்டபோது, பிரிவுகளின் எண்களைக்கூடப் பெரும்பாலும் மாற்றாமலே எடுத்துக்கொண்டது. ஆதலால், சாட்சியை நோக்கி நீதிபதி கேள்வி கேட்கலாம் என்னும் அதிகாரம் இரண்டு தேசங்களிலும் நெடுங்காலம் 165 என்னும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 168-ஆம் பிரிவு. இலங்கையில் இன்றும் பழைய எண்தான்.

அந்தப் பிரிவு தரும் அதிகாரம் அற்பமானதன்று. எந்தச் சாட்சியையும், எந்த நேரத்திலும், எந்த உருவத்திலும், வழக்குக்குச் சம்பந்தம் உள்ளதோ இல்லாததோ எந்தச் சங்கதியைப் பற்றியும் நீதிபதி கேட்கலாம். கட்சிக்காரர் எவரும் அதை ஆட்சேபிக்க இயலாது. வந்த பதிலின்மேல் குறுக்கு விசாரணை செய்யவும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தீர்ப்பு மட்டும், சம்பந்தமுள்ளவை என்று சட்டம் ஒப்புக்கொண்டு முறைப்படி நிரூபணமான சங்கதிகளின்மேல் நிற்க வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலி. இங்கிலாந்து தன் நியாயாதிபதிகளுக்கு எழுத்தில் கொடுத்திராத இவ்வளவு பெரிய உரிமையை ஸ்டீபன் இங்கே கொடுத்ததற்குக் காரணம், தேர்ந்த வக்கீல்கள் இல்லாத மொபசல் நீதிமன்றங்களில் நீதிபதியே உண்மையைத் தேடி இறங்காவிட்டால் வேறெவரும் இறங்கமாட்டார் என்ற எண்ணமே.

ஆயினும் ஒரே விதி இரண்டு தேசங்களிலும் ஒரே சூழலில் வளரவில்லை. இலங்கைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, சாட்சியம் பற்றித் தன்னில் விடை காணாத பிரச்சினைகளை அவ்வக்காலத்து ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டு தீர்க்கச் சொல்கிறது. அத்தகைய ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை. இந்தியா 1949-இல் முடித்துக்கொண்ட பிரிவி கவுன்சில் மேன்முறையீடு இலங்கைக்கு 1971 வரை நீடித்தது. களத்தில் தானே இறங்கும் நீதிபதியின் கண்ணைப் புழுதி மறைத்துவிடும் என்று 1945-இல் இங்கிலாந்து நீதிபதி கிரீன் பிரபு எச்சரித்ததும், அளவுக்கு மீறிக் கேள்வி கேட்ட ஒரு நீதிபதியின் தீர்ப்பை 1957-இல் டென்னிங் பிரபுவின் அமர்வு தள்ளி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டதும், கொழும்பில் அந்நியக் குரலாக ஒலித்திருக்க இடமில்லை. அதற்கும் மேலாக, இந்தியாவில் மறைந்துபோன ஜூரி முறையை இலங்கை முற்றும் விடவில்லை. பாரதூரமான சில குற்றங்களுக்கு எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், விரும்பினால் எழுவர் கொண்ட ஜூரியின் முன் விசாரிக்கப்படலாம். இப்போது அது அருகிவிட்டது. ஆனாலும் அத்தகைய சபையில் நீதிபதி சற்றே புருவத்தை உயர்த்திக் கேட்கும் ஒரு கேள்வி, “இவன் சொல்வதை நான் நம்பவில்லை” என்று எழுவருக்கும் சொல்லிவிடும் என்பதை உணர்ந்த எவரும் நாவை அடக்கவே பழகுவார்.

இந்தியாவிலோ கவலை இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1981-இல் ஹரியானாவிலிருந்து வந்த ராம் சந்தர் வழக்கில், முன்னே சொன்னதற்கு மாறாகக் கூண்டில் பேசிய சாட்சிகளை, பொய்ச் சாட்சிக்காக வழக்குத் தொடரப்படும் என்று செஷன்ஸ் நீதிபதியே மிரட்டியிருந்தார். நீதிபதி வெறும் பதிவு யந்திரமாக உட்கார்ந்திருக்கக் கூடாதுதான், ஆனால் அரசுத் தரப்பு வக்கீலின் அங்கியையும் அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் சின்னப்ப ரெட்டி கண்டித்தார். 1997-இலோ, கேள்வி கேட்டதற்காக விசாரணை நீதிபதியை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் குறை கூறியபோது, அந்தக் குறை தகாது, சட்டம் வேண்டுமென்றே அகலமான அதிகாரத்தைத் தந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கே. டி. தாமஸ் எழுதினார். வடோதராவில் 14 பேர் மாண்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில், சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்து, குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரும் 2003-இல் விடுதலையானபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த நீதிமன்றத்தின் மௌனமே குற்றமாயிற்று. மறுவிசாரணை 2004-இல் மகாராஷ்டிரத்துக்கு மாற்றப்பட்டது. 2023-இல் பீகாரைச் சேர்ந்த முன்னா பாண்டே வழக்கிலும் இதே வேதனைதான். சாட்சிகள் போலீஸிடம் சொன்னதும் நீதிமன்றத்தில் சொன்னதும் வேறாக இருந்தும், அரசுத் தரப்பும் கேட்கவில்லை, எதிர்த்தரப்பும் கேட்கவில்லை, நீதிபதியும் கேட்கவில்லை. தூக்குத் தண்டனை மட்டும் வந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து உயர் நீதிமன்றத்தின் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஏழைக்கு அமர்ந்த வக்கீல் திறமை குன்றியவராக இருக்கும்போது நீதிபதியின் மௌனம் நடுநிலை ஆகாது என்பதற்கு இதைவிட உறுதியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் பேசும் விதத்திலும் வேற்றுமை தெளிவாகத் தெரிகிறது. இந்தியாவில், அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், அவருக்கு எதிராக வந்த ஒவ்வொரு சங்கதியையும் நீதிபதியே எடுத்துக் காட்டி, “இதற்கு என்ன சொல்கிறீர்?” என்று கேட்கிறார், சத்தியப் பிரமாணம் கிடையாது. இலங்கையில் எதிரி மௌனமாக இருக்கலாம், சாட்சிக் கூண்டில் ஏறலாம், அல்லது எதிரிக் கூண்டில் நின்றபடியே, எவருடைய குறுக்கு விசாரணைக்கும் ஆளாகாமல், தன் கூற்றைச் சொல்லலாம். 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இக்கூற்றைச் சாட்சியமாக மதித்தது. முன்னதில் நீதிபதியின் வினாவுக்குள் மனிதன் அகப்பட்டுவிடும் அபாயம் உண்டு. பின்னதில், எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே தெரியாத பாமரன் வீணாய்ப் பேசி இறங்கும் அபாயம் உண்டு. இந்த ஒன்றில் என் மனம் இந்திய வழக்கத்தின் பக்கமே சாய்கிறது.

கேட்பதா, கேளாதிருப்பதா என்பதைவிட, எப்போது, எந்தத் தொனியில் கேட்பது என்பதே என் கவலை. இருட்டில் ஆளை அடையாளம் கண்டதாகச் சாட்சி சொன்னால், “விளக்கு எங்கே இருந்தது, நீ எங்கே நின்றாய்?” என்று, இரு தரப்பும் கேட்டு ஓய்ந்த பிறகு வினவும் நீதிபதி எவர் பக்கமும் சாயவில்லை, குறுக்கு விசாரணை நடக்கும்போதே இடைமறித்து, “நன்றாகத்தானே பார்த்தாய்?” என்பவர் சாய்ந்துவிட்டார். இதற்கு இரு நாட்டு நீதிமன்றங்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நீதிபதியின் ஒவ்வொரு கேள்வியையும் அவருடையதென்று தனியே குறித்து, கேட்ட சொற்களிலேயே பதிவு செய்வதோடு, அதன் பதிலின்மேல் குறுக்கு விசாரணைக்கு இரு தரப்பு வக்கீல்களும் அனுமதி கோருமுன் நீதிமன்றமே தானாக அதை வழங்கிவிட வேண்டும்.