மதிப்பெண் பட்டியலின் அடிவரி

பத்தாம் வகுப்பில் நான் வாங்கியது 500-க்கு 318. 1993 ஜூனில் அப்பாவோடு தலைமையாசிரியர் அறையில் நின்றேன். மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கியவரின் பார்வை நேராக அடிவரிக்குப் போனது. "இந்த மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப் வராதுங்க. வொகேஷனல்ல சேர்த்துருங்க" என்றார். கணக்கில் நான் எடுத்திருந்த 91 அதே தாளில், நாலு விரல் தள்ளி மேலே இருந்தது. ஆங்கிலத்தில் 41. மொத்தத்தைக் கீழே இழுத்தது அதுதான். அப்பா "சரிங்க சார்" என்று கையெழுத்துப் போட்டார். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக் குரூப் ஒதுக்கும் இந்த வழக்கத்தை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1978-இல் பி.யு.சி. போய் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்தன. பல ஊர்களில் ஆய்வகம் சிறியது, இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். எதையாவது வைத்து அளந்துதான் ஆகவேண்டும். மதிப்பெண் சாதி கேட்காது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்காது. சிபாரிசுக் கடிதத்துக்கு வளையாது. என்னோடு படித்த பஞ்சாலைத் தொழிலாளியின் மகள் முதல் குரூப்பில் உட்கார்ந்தது அந்த எண்ணின் பலத்தில்தான். நேர்காணல் வைத்திருந்தால் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 1984-இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2007-இல் சட்டம் இயற்றி நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றதும் ஏறக்குறைய இதே நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோளாறு கூட்டலில் இருக்கிறது. ஐந்து பாடங்களையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால், எந்தப் பையனுக்கு எது வரும் என்பது அந்தக் கூட்டலுக்குள் காணாமல் போகிறது. 318 வாங்கிய இரண்டு பேர் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. கணக்குக்கான இடத்தைச் சமூக அறிவியலும் ஆங்கிலமும் சேர்ந்து தீர்மானிப்பது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு கெடுதலும் உண்டு. 'மிச்சம்' என்று ஒதுக்கப்பட்டவர்களால் நிரம்பியதால் தொழிற்பிரிவின் மானமே போயிற்று. உண்மையில் அங்கேதான் நான் நல்ல கல்வியைப் பார்த்தேன். எங்கள் பொது இயந்திரவியல் ஆசிரியர் ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, ஒரே இரும்புத் துண்டைப் பத்து முறை அளக்கச் சொல்வார். முதல் நாள் பத்துக்குப் பத்து அளவும் வேறுவேறாக வந்தன. "இரும்பு மாறலடா, உன் கை மாறுது" என்றார். 0.02 மில்லிமீட்டர் என்பது புத்தகத்தில் ஒரு எண். விரல் நுனியில் அது ஒரு ஒழுக்கம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. விரும்பி வந்து சேரவேண்டிய வகுப்பு அது. நாங்களோ தண்டனை பெற்றவர்களைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம்.

அங்கிருந்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, கோவையில் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை, மாலை நேரத்தில் பகுதிநேர பி.இ. என்று வந்து சேர்ந்தேன். பி.இ.யில் நுண்கணிதத்தைத் தொட்டபோதுதான் பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் எதை இழந்தேன் என்பது தெரிந்தது. ஷிப்டு முடித்து வந்து, நள்ளிரவு வரை பள்ளிப் பாடத்தை முப்பது வயதில் முதலிலிருந்து படித்தேன்.

இப்போது அதே பள்ளியில் முன்னாள் மாணவனாகப் பேச அழைக்கிறார்கள். வொகேஷனல் படித்தும் முன்னுக்கு வரலாம் என்பதற்கு என்னை உதாரணம் காட்டுகிறார்கள். அந்த உதாரணம் பாதி உண்மைதான். எங்கள் வகுப்பில் 32 பேர். டிப்ளமோ வரை போனவர்கள் ஐந்து பேர். மற்ற 27 பேரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அவர்களில் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவன் ஒருவன் இருந்தான்.

2018-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது; 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு போயும் விட்டது. தேர்வுகளை மாற்ற நமக்குத் துணிவு இருக்கிறது. சேர்க்கை மேசைதான் மாறாமல் கிடக்கிறது. மதிப்பெண் இருக்கட்டும். கணக்குப் பிரிவுக்குக் கணக்கையும் அறிவியலையும் முதலில் பாருங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் குரூப் மாற வழி விடுங்கள். தொழிற்பிரிவின் பட்டறையைச் சேர்க்கைக்கு முன்பே பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். தலைமையாசிரியர்களே, அடுத்த ஜூனில் ஒரு பையன் பட்டியலை நீட்டும்போது, தயவுசெய்து மேல்வரியிலிருந்து வாசியுங்கள்.