ஆளைக் கொணராத ஆணை

பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை யாது என்று வகுப்பிலே கேட்டால், ஆராயாமல் தண்டித்தான் என்று மாணவர் விடை கூறுவர். நாமும் முழு மதிப்பெண் அளித்து மேலே செல்கிறோம். விடை தவறன்று, ஆயினும் அதில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. ஆராய்வதற்கு முன், ஆராயப்படுபவன் ஆராய்வோன் கண்முன் வந்து நிற்றல் வேண்டும். மன்னன் தவறியது அந்த முதற்படியிலேயே என்பது எம் கருத்து.

கொலைக்களக் காதையைச் சற்று நின்று படிப்போம். தேவியின் ஊடலைத் தீர்க்க விரைகின்ற மன்னனை இடையிலே கண்டு வணங்கிய பொற்கொல்லன், சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கின்றான் என்கிறான். உடனே ஊர்காப்பாளரை அழைத்து மன்னன் ஆணையிடுகின்றான். சிலம்பு அவனிடம் இருந்தால் அவன் உயிரைப் போக்கிவிட்டு அதனை எடுத்துவர வேண்டும் என்பது ஆணையின் பொருள். அங்கே இளங்கோவடிகள் அமைத்துள்ள வினைச்சொல் கொணர்தல் என்பது. அவ்வினைக்குச் செயப்படுபொருளாய் நிற்பது சிலம்பு, ஆள் அன்று.

இன்று 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பதை நாம் ஆட்கொணர் மனு என்று வழங்குகிறோம். காவலில் உள்ளவனை நீதிமன்றத்தின்முன் கொண்டுவந்து நிறுத்துக என்பதே அம்மனுவின் வேண்டுகோள். இம்மொழிபெயர்ப்பைச் செய்தவர் சிலப்பதிகாரத்தை நினைந்து செய்தாரோ, அறியோம். காப்பியத்தில் சிலம்பைச் சார்ந்து நின்ற அதே வினை, இன்றைய சட்டச் சொல்லில் ஆளைச் சார்ந்து நிற்கிறது.

மன்னனுக்காகப் பரிந்து பேசும் உரைவழக்கு ஒன்று உண்டு. 'கொல்ல' என்று சொல்லக் கருதியவன் ஊழ்வலியால் 'கொன்று' என்று நாப்பிறழ்ந்தான் என்பர். அதனை ஒப்புக்கொண்டாலும் வழக்குத் தேறாது. கொல்லுதற்பொருட்டுக் கொணரப்படுபவனிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தீர்ப்பு முன்னே பிறந்துவிட்டது. ஆள் பின்னே வருகின்றான், அவ்வளவே.

அதன்பின் நிகழ்வது இன்னும் கொடிது. குடிலின் முன்னே ஒரு விசாரணை நடக்கத்தான் செய்கிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று என்கின்றனர். உடனே பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டையும் அடுக்கி அவர்கள் ஐயத்தைப் போக்குகின்றான். குற்றம் சாட்டியவனே சாட்சியாகவும் நீதிபதியாகவும் அமைந்த அவ்விசாரணையில், வாய் திறக்குமாறு கோவலனை ஒருவரும் கேட்கவில்லை. கல்லாதான் ஒருவனின் வாள் அதனை முடித்துவிடுகிறது.

பழங்காலத்து அரசனை இக்காலச் சட்டத்தால் அளப்பது முறையோ என்று அன்பர் சிலர் கேட்கலாம். அளவுகோலைக் காப்பியமே தருகிறது. வழக்குரை காதையிலே கண்ணகி வருகின்றாள். வாயிற்காவலன் அறிவிக்கின்றான், மன்னன் உள்ளே அழைக்கின்றான், யார் நீ என வினவுகின்றான், அவள் சொல்லை முழுதும் கேட்கின்றான். தேவியின் சிலம்பிலே இருப்பது முத்து, தன் சிலம்பிலே இருப்பது மாணிக்கம் என்று அவள் காட்டச் சிறிது பொழுதே போதுமாயிருந்தது. ஆகவே முறை இன்னதென்று பாண்டியனுக்குத் தெரியாமலில்லை. தானே நடந்து வந்தவளுக்குக் கிடைத்த அம்முறை, அகப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. தொலைவு என்றும் சொல்வதற்கில்லை. அரண்மனையிலிருந்து காவலர் நடந்து சென்ற தொலைவுதானே!

ஆராய்ச்சி மணியின் குறையும் இதுவே. மனுநீதிச் சோழன் வாயிலிலே தொங்கிய மணியைப் பசுவும் வந்து அசைத்ததை வியந்து பாடுகிறோம். கட்டவிழ்ந்து திரிந்த பசு வந்தது. கை கட்டப்பட்டவன் மணிக்கயிற்றைப் பற்றுவது எங்ஙனம்? அவன் மணியை நாடிச் செல்ல இயலாதாகையால், அரசே அவனை மணியிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று சட்டம் விதிக்கவேண்டியதாயிற்று. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் விதி, கைதானவரைத் தகாத தாமதமின்றி, எவ்வாறாயினும் 48 மணி நேரத்திற்குள், மாஜிஸ்திரேட்முன் நிறுத்தவேண்டும் என்கிறது. இந்திய அரசியலமைப்பின் 22ஆம் விதி தரும் காலம் 24 மணி நேரம். இரண்டும் பயண நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈசூனில் பிடிபட்டவரை ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்றத்திற்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகுமா என்று அவ்வூர்த் தமிழாசிரியர் ஒருவர் நகைத்துக் கேட்டார். இத்தீவில் அவ்விலக்குக்கு வேலையில்லை என்பது மெய்தான். வேலையுள்ள விலக்கு வேறு: பொதுமக்கள் பாதுகாப்புக் கருதிய முன்தடுப்புக் காவற் சட்டங்களை அதே விதியின் பிற்பகுதி இவ்வுரிமைக்குப் புறத்தே நிறுத்துகிறது.

இவ்வுரிமை மீறப்பட்டால் முறையிடுவது எப்படி என்பதில்தான் சிக்கல் மிகுதி. காவலோ சில நாள். வழக்கோ பல ஆண்டு. ஒருவர் தம்பொருட்டுத் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வருமுன் அவர் காவல் முடிந்துவிடும். வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று தள்ளப்படலாம். ஆதலால் அமெரிக்காவிலே ஒருவர் தம்மையொத்த அனைவருக்குமாகத் தொடுக்கும் கூட்டு வழக்கு துணைக்கு வந்தது. புளோரிடாவிலிருந்து வந்த 1975ஆம் ஆண்டு வழக்கிலே, தொடுத்தவரின் காவல் முடிந்தாலும் கூட்டத்தாரின் வழக்கு முடிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. கலிபோர்னியாவின் ரிவர்சைடு கவுண்டி வழக்கு இன்னும் சுவையானது. அங்கே வார இறுதியையும் விடுமுறையையும் கணக்கில் சேர்க்காமையால், பண்டிகைக் காலத்தில் பிடிபட்டவர் ஏழு நாள்வரை காத்திருக்க நேரிடும். 1991இல் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த உச்ச நீதிமன்றம், பொதுவாக 48 மணி நேரமே எல்லை என்றது. மறுத்தவருள் ஒருவரான ஸ்காலியா 24 மணி நேரமே போதும் என எழுதினார். ஆயினும் அத்தீர்ப்பு கேட்டது, கைதுக்குத் தக்க காரணம் உண்டா என்று நீதிபதி பார்ப்பதைத்தான். ஆளைப் பார்ப்பதை அன்று. இவ்வளவில் நம் 9ஆம் விதி மேலானதே.

இந்தியாவில் 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றிய செய்தித்தாள் கட்டுரையைக் கண்டு, கபிலா ஹிங்கொரானி என்னும் வழக்கறிஞர் தொடுத்தது அது. தம்மேல் சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய முழுத் தண்டனையினும் மிகுதியான காலத்தைச் சிலர் சிறையிலேயே கழித்திருந்தனர். விரைந்த விசாரணை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிபதி பகவதி தீர்த்தார். அதுவும் ஆட்கொணர் மனுவே. ஆனால் பலருக்கான ஒரே மனு.

பலருக்காக ஒருவர் கேட்பதைத் தமிழிலக்கியம் அறியும். கேட்டவள் கோவலன் மகள். மணிமேகலையின் 19ஆம் காதையிலே, அமுதசுரபியோடு சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளார் பசியைத் தீர்த்தவளிடம், வேண்டுவது யாது என்று சோழன் மாவண்கிள்ளி கேட்கின்றான். அவள் தனக்கென ஒன்றும் கேளாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகின்றாள். தந்தை கேட்கப்படாமலே மாண்டான். மகளோ பெயரறியாக் கைதிகள் அனைவருக்கும் வாயாகின்றாள். இவ்விரு காதைகளையும் அடுத்தடுத்து நடத்தும் ஆசிரியரை யாம் கண்டதில்லை. நடத்தினால் இரட்டைக் காப்பியம் என்னும் பெயருக்குப் புதியதொரு பொருள் கிடைக்கும். ஆனால் அவள் பெற்றது உரிமையன்று, அருள். காதையின் பெயர் சொல்வதுபோலச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று. மூன்று காதை கழிந்ததும், 22ஆம் காதையிலே அவளே காவலில் வைக்கப்படுகின்றாள்.

உரிமையாக எழுதிவைத்தாலும், அது சடங்காகிவிடக்கூடும். 2020 சூன் 19இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான வணிகர் இருவர் பிடிக்கப்பட்டனர். மறுநாளே சிறையில் அடைக்க மாஜிஸ்திரேட் ஆணை பிறந்தது, மணிக்கணக்கிலே பிழையில்லை. சில நாட்களில் இருவரும் இறந்தனர். காவலர் அடித்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு எழ, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. உடலிலுள்ள காயத்தை நீதிபதியின் கண் பார்க்கவேண்டும் என்பதும் ஆளைக் கொணர்வதன் நோக்கங்களுள் ஒன்று. அதனாற்றான் 2010இல் நம் 9ஆம் விதியிலே, நேரில் நிறுத்துவதோடு காணொளி வழியாக நிறுத்தலையும் சேர்த்த திருத்தம் எமக்கு முழுதும் உவப்பாக இல்லை. தொலைவு மிக்க நாட்டில் அதற்கொரு நியாயம் உண்டு. இத்தீவிலோ, ஈசூன் அன்பர் நகைத்ததுபோல, தொலைவு என்பதே இல்லை. திரையிலே முகம் தெரியும். கோவலன் முகத்தைக் கண்டு காவலர் ஐயுற்றது போல நீதிபதி ஐயுறவும் கூடும். சட்டைக்குள் இருக்கும் முதுகு திரையில் தெரிவதில்லை.